முட்டியில் கட்டிய தப்புத் தோல்

இராயப்பன் முதலில் முட்டியில் கட்டிப் பார்த்தது படங்குச் சாக்கு. கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்களே, அந்தச் சாக்கு. அவன் பெண்சாதி சிசிலி தன்னுடைய பழைய படங்கை வெட்டி, உள்ளே தேங்காய்த் தும்பை அடைத்து, சின்னத் தலையணை மாதிரி இரண்டு தைத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு கண்ணாடி பார்க்காத குறையாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பி நின்றான். மழையில் ஒரு தடவை போய் வந்ததும் இரண்டும் தண்ணீர் குடித்து ஆளுக்கொரு பூசணிக்காய் கனம் கனத்தன. அவிழ்த்துப் பார்த்தால் தும்புக்குள்ளே அட்டைகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் ரத்தம்.

“விழுந்திருந்தாக்கூட இம்புட்டு ரத்தம் போயிருக்காதுங்க” என்றாள் சிசிலி, உப்பைப் போட்டு அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே.

இந்த இராயப்பன் வேற்றாள் இல்லை. வட்டவளைக்கு மேலே கருங்கல்மலைத் தோட்டத்தில் மேல்பிரிவுக் கங்காணியாக இருந்த கஸ்பருடைய கடைசி மகன். கஸ்பரின் மூத்த தாரம் மரியநாயகி பிரசவத்தில் கண்ணை மூடியபிறகு, அவள் தங்கை இசபெலையே அவருக்குக் கட்டிவைத்தார்கள். இசபெலுக்கு வரிசையாகப் பெண்கள். ஒருத்தி பூண்டுலோயாவுக்கும் ஒருத்தி ஹட்டன் பக்கமும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். எல்லாருக்கும் பிறகு, கங்காணிக்குத் தலை நரைத்தபின் பிறந்தவன் இராயப்பன். சிசிலி அவனுக்குச் சொந்த மாமன் மகள்; இசபெலின் அண்ணன் மரியரட்ணத்தின் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சில் சளி. மழை மலையில் நின்று கொழுந்தெடுக்க அவளால் ஆகாது. அதனால் அவன் பெயர் செக்ரோலில், தோட்டத்து ஆள் கணக்கில், இருந்தால்தான் அவர்களுக்கு லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அரிசி, எல்லாம்.

அவன் பார்த்தது தபால் வேலை. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் கலைந்ததும், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா கொடுக்கிற பையை எடுத்துக்கொண்டு கீழே வட்டவளைக்கு இறங்கி, தபால் கந்தோரில் கொடுத்துவிட்டு, அங்கே வந்திருப்பதை எடுத்துக்கொண்டு ஏறி வரவேண்டும். அவன் அப்பன் காலத்தில் இதை நடந்துதான் செய்தார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறுவருடம் வந்த புதுத் துரை, தபால் நேரத்துக்கு வரவில்லை என்று ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். ஏறும்போது இராயப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். இறங்கும்போது சைக்கிள் அவனைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த ரோடு அப்படி. கல்லும் சேறும் கொண்டை வளைவும், ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பனிமூட்டம் அடைத்த பள்ளம். வட்டவளைப் பக்கம் பெய்கிற மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சக்கரம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. அவன் விழாத வாரம் குறைவு. விழுந்தால் முட்டிதான் முதலில் தரையைத் தொடும்.

தோட்டத்து டொக்டரையா வலது முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இராயப்பன், இந்த முட்டி இன்னொரு பெரிய அடியத் தாங்காது. அதுக்கப்புறம் மடங்காது.”

“மடங்காட்டி என்னங்கய்யா செய்ய?”

“என்ன செய்ய? சைக்கிள் மிதிக்க முடியாது, மலை ஏற முடியாது. பேரை வெட்டிருவாங்க. அப்புறம் எல்லாரையும் போல பாஸ்போட்டத் தூக்கிட்டுக் கப்பலுக்குப் போகவேண்டியதுதான்.”

அந்த வருடங்களில் லயத்துக்கு லயம் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ரயிலடியில் ஒப்பாரி கேட்காத கிழமை இல்லை. சிசிலியின் நெஞ்சு அந்தப் பயணத்தைத் தாங்காது என்று இராயப்பனுக்குத் தெரியும். அவன் முட்டி அவன் முட்டியாக மட்டும் இருக்கவில்லை.

ஆகையால் படங்குச் சாக்கு சரிவராது என்று தெரிந்ததும் லொறி டியூப்பை வெட்டிக் கட்டிப் பார்த்தான். ரப்பர் அடியைத் தாங்கியது. ஆனால் உள்ளே வேர்த்து, தோல் வெந்து, வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு இறங்கிவிடும். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மீனம்மா, அவனுக்கு அத்தை முறை, மேலேயிருந்து கத்தினாள்:

“ஏன்டா மருமவனே, காலுக்கு லாடம் அடிச்சுக்கிட்டுப் போறியா? புல்லுக்கட்டு ஏதாச்சும் போடவா?”

மலை முழுக்கச் சிரித்தது. பிறகு தகரத்தை வளைத்துப் பார்த்தான். அது தொடையைக் கிழித்தது. போகிற வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டு லயத்து நாய்கள் அத்தனையையும் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தது. தோல்தான் சரி என்று கடைசியில் முடிவுக்கு வந்தான். கெட்டியான தோல், மடங்கவும் வேண்டும், நனைந்தாலும் காய்ந்து பழையபடி ஆகவேண்டும். ஹட்டனில் செருப்புத் தைக்கிறவன் அப்படித் தோல் தன்னிடம் இல்லை என்று கையை விரித்துவிட்டான்.

அப்படித் தோல் இருக்கிற இடம் ஒன்று இராயப்பனுக்குத் தெரிந்திருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போய் வந்தான்.

ரோடு மூன்றாவது தடவை வளைகிற இடத்தில் மயானம். அதன் ஓரத்துச் சவுக்கு மரத்தில் ஒரு தப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகிற தப்பு வழியில் கிழிந்துபோனால் அதை லயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரமாட்டார்கள். மயானத்து மரத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மழையும் வெயிலும் தின்று தானாக விழவேண்டும். யாரும் தொடமாட்டார்கள். இராயப்பனுக்கும் தெரியும். ஆனால் அவன் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டிபோடுகிறவனுக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்று நினைத்தான். தோலில் ஒரு பக்கம்தான் கிழிசல். மற்றதெல்லாம் முறுக்காக இருந்தது. இரண்டு வட்டம் வெட்டி எடுத்துக்கொண்டு, வளையத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தான்.

தண்ணீரில் ஊறவைத்து, சிரட்டை மேல் இழுத்துக் கட்டி, அடுப்புக்கு மேலே காயப்போட்டான். அச்சில் வார்த்த மாதிரி வந்தது. சிசிலி உட்பக்கம் கம்பளித் துண்டு வைத்துத் தைத்து, பின்னால் கட்டிக்கொள்ள வார் பிடித்துக் கொடுத்தாள்.

“நல்ல தோலா இருக்கே. யாரு குடுத்தா?”

“ஹட்டன்ல ஒருத்தன்” என்றான்.

அந்த வாரமே எருமைக் கல் வளைவில் தலைகுப்புற விழுந்தான். சைக்கிள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். எழுந்து முட்டியைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. சேற்றில் நின்றுகொண்டே சிலுவை போட்டுக்கொண்டான். அதுமுதல் தினமும் வேலை முடிந்து வந்ததும் நனைந்த தோல்களை அடுப்படியில் மாட்டிவைப்பான். விடியும்போது அவை சூடேறி, விறைத்து, விரலால் தட்டினால் ‘டங்’ என்று நிற்கும். தப்பு அடிக்கிறவர்களும் அடிப்பதற்கு முன்னால் அதைத்தான் செய்வார்கள், நெருப்பில் காட்டித் தோலை விறைக்கவைப்பார்கள் என்பது அவன் மனசுக்கு வரவில்லை.

ஒருநாள் காலை ஐந்தாம் நம்பர் லயத்து வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். மழை இல்லை, ரோடு காய்ந்துகிடந்தது. திடீரென்று இரண்டு முட்டியும் அதிர்ந்தன. கல்லில் ஏறினால் வருகிற அதிர்வு இல்லை. வலது முட்டியில் அழுத்தி ஒன்று. இடது முட்டியில் மெல்ல இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் அதேபோல. லயத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. இறங்கி நட்டு போல்ட்டெல்லாம் பார்த்தான். ஒன்றும் ஆடவில்லை.

மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வரும்போது அந்த லயத்து வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். வேலாயிக் கிழவி போய்விட்டாள். முடியாமல் கிடந்தவள்தான், வயதும் ஆகியிருந்தது. பாவம் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனான். கொஞ்ச தூரம் போனபிறகுதான் சாவுக்கொட்டு கேட்டது. தப்படிக்கிற செல்லசாமி வந்து சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது. அழுத்தி ஒன்று, மெல்ல இரண்டு, கொஞ்சம் நிறுத்தம். இராயப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

அதைக்கூட அவன் மறந்திருப்பான். தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலைசெய்த முத்துலிங்கம் கதை அப்படி மறக்கக்கூடியதாக இல்லை. முத்துலிங்கம் வாட்டசாட்டமான ஆள். தேயிலைப் பெட்டியை ஒற்றைத் தோளில் தூக்கி லொறியில் வைப்பான். ஒரு காலையில் ஸ்டோர் வாசலில் இராயப்பனை மறித்து நின்றான்.

“என்னாப்பா மாப்பிள்ளை, முட்டிக்கு ரெண்டு சட்டி கவுத்திருக்கே? எங்க வீட்ல நேத்து சட்டியக் காணோமுன்னு தேடுனாங்க.”

“சட்டி இல்ல மச்சான், தோலு.”

“தோலா? எங்க, தட்டிப் பாப்போம்” என்று முத்துலிங்கம் குனிந்து கையை நீட்டினான்.

அவன் விரல் படுவதற்கு முன்னாலேயே அது அடிக்க ஆரம்பித்தது. சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. அழுத்தி ஒன்று, மெல்ல இரண்டு. முத்துலிங்கத்துக்குக் கேட்கவில்லை. தட்டிப் பார்த்து, “நல்லாத்தான்யா இருக்கு” என்று சிரித்துவிட்டு நிமிர்ந்தான்.

“மச்சான், நீ இன்னைக்கு டொக்டரையாவப் போய்ப் பாரேன்.”

“எனக்கென்னடா? ஒனக்குத்தான் காச்சல் மாதிரி இருக்கு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு பாரு.”

மறுநாள் பெட்டி ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முத்துலிங்கம் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்கு லொறி புறப்படுவதற்குள் முடிந்துவிட்டது. அவன் பெண்சாதி நாகலெட்சுமி இராயப்பனுக்குத் தங்கச்சி முறை; அண்ணன் என்று கூப்பிடுகிறவள். இழவு வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க இராயப்பனால் முடியவில்லை. அடக்கம் முடிந்தபிறகு செல்லசாமியைத் தனியாகக் கூப்பிட்டான்.

செல்லசாமி அவனைவிட மூத்தவன். ஆண்டியப்பனின் மகன். ஆண்டியப்பன் அடித்தால் அடுத்த தோட்டத்துக்காரர்கள் யார் செத்தது, ஆணா பெண்ணா என்று அடியை வைத்தே சொல்லிவிடுவார்களாம். செல்லசாமியின் மனைவியும் பையன்களும் முன்னாடியே கப்பலேறிவிட்டார்கள். இவன் மட்டும் அப்பன் குழியைவிட்டு வரமாட்டேன் என்று தங்கிவிட்டான். இராயப்பன் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னான். மரத்தில் வெட்டியதையும் சொன்னான்.



“நாயி தின்னுருச்சுன்னுல நெனச்சேன்” என்றான் செல்லசாமி.

“தப்புதாண்ணே, மன்னிச்சுக்கங்க.”

“அட, கேட்டிருந்தா புதுத் தோலே தந்திருப்பேனே ராயப்பா. எந்தத் தோலப் போய் எடுத்தே தெரியுமா? அது எங்கப்பன் தப்பு. எங்கப்பன் செத்தப்ப அதைத்தான் நான் அடிச்சுக்கிட்டுப் போனேன். மூணாம் வளைவு திரும்புறப்ப கிழிஞ்சு போச்சு. வேற தப்பு இல்ல. ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசனக் கடைசி அடி இல்லாமத்தான் குழில எறக்குனோம். குழி மூடுறப்ப அடிச்சு நிறுத்தணும். நிறுத்தாட்டி அந்தக் கொட்டு முடியாது.”

“இப்ப அது யாரு அடிக்கிறது?”

“நான் என்னாத்தக் கண்டேன்? கிழிஞ்சு தொங்குனவரைக்கும் சும்மாதான கெடந்துச்சு. நீ வெட்டி, காயவெச்சு, இறுக்கிக் கட்டுனே. மறுபடி தப்பாயிருச்சு. கொண்டுபோய்ப் போட்டுரு ராயப்பா. போட்டுட்டு வேற கட்டிக்க. நான் தோல் தாரேன்.”

“இந்த மழை முடியட்டும்ணே” என்றான் இராயப்பன். “புதுத் தோலு பதமாகி வர நாளாகும். இதில்லாம ஒருநாள் எறங்கினாலும் என் முட்டி போயிரும். அப்புறம் சிசிலிய எங்க கொண்டு வெப்பேன்?”

செல்லசாமி அவன் முகத்தையே பார்த்தான். பிறகு தன் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். சொன்னபடி மறுவாரமே ஆட்டுத் தோல் ஒன்றைக் கொண்டுவந்து சாம்பல் பூசி இராயப்பனின் வாசல் திண்ணையில், இஸ்தோப்புச் சுவரில் விரித்து ஆணியடித்துவிட்டும் போனான். மழையில் அது காயவே இல்லை. நாற்றமெடுத்து, ஓரத்தில் புழு வைத்தது. அதை எடுத்து எறிந்தார்கள்.

இராயப்பன் பழைய தோலைத்தான் கட்டிக்கொண்டு போனான். லயங்களைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். வாசலில் நிற்கிறவர்கள் கையைக் காட்டினால் பார்க்காதமாதிரி போவான். “தபால்காருக்குத் தலக்கனம் ஏறிப்போச்சு” என்று பேச்சியம்மா வாய்விட்டே சொன்னாள். அவள் வாசலைத் தாண்டும்போது முட்டி சும்மா இருந்தது. அந்த ஒன்றுக்காக அவள் திட்டியது அவனுக்கு இனித்தது.

அந்த மழைக்காலத்திலேயே சிசிலி காய்ச்சலில் விழுந்தாள். டொக்டரையாவின் சிவப்புத் தண்ணி மருந்து கேட்கவில்லை. நெஞ்சுக்குள்ளே பூனை உறுமுகிற மாதிரி இழுத்தது. ஒருநாள் காலை வெளிச்சம் வந்தபிறகு செல்லசாமி கைநிறையக் கற்பூரவள்ளி இலையோடு வாசலுக்கு வந்து நின்றான்.

“இதச் சாறு புழிஞ்சு குடுப்பா. எங்கம்மா இதத்தான் குடுக்கும்.”

இராயப்பன் இஸ்தோப்பில் உட்கார்ந்து முட்டிக்கு வார் கட்டிக்கொண்டிருந்தான். வலது காலில் முடிச்சுப் போட்டான். இடது காலில் முடிச்சை இறுக்கினான். இறுக்கிய உடனே அடிக்கத் தொடங்கியது. சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அழுத்தி ஒன்று, மெல்ல இரண்டு. அவன் பார்வை காம்பராவுக்குள்ளே போனது. பாயில் சிசிலி கண்ணை மூடிக் கிடந்தாள்.

“என்னா ராயப்பா? என்னா செய்யுது?”

“அடிக்குதுண்ணே. என் வாசல்லயே அடிக்குதுண்ணே.”

செல்லசாமி குனிந்து இரண்டு உள்ளங்கையையும் அவன் முட்டிகளின் மேல் வைத்தான். மற்ற யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்தது. உடம்பு ஒருதரம் சிலிர்த்தது.

“எங்கப்பன் கைதான்” என்றான். “வலது கைய இப்புடித்தான் கொஞ்சம் தாமசிச்சுப் போடுவாரு.”

“கழட்டிர்றேன். இப்பவே கொண்டுபோய் மரத்துல மாட்டிர்றேன்.”

“மாட்டுனா ஆவாது இனிமே. ஒன் வீட்டுக்கு வந்துருச்சு. கடைசி அடிய அடிச்சு நிறுத்தணும்.”

“அடிங்க. இப்பவே அடிங்கண்ணே.”

“எதுல அடிக்க? ரெண்டா வெட்டிட்டே. சட்டத்துல மாட்ட முடியாது. அது விறைச்சு நிக்கிற எடம் ஒன் முட்டி ஒண்ணுதான். அங்கதான் அடிக்கணும். மெல்லத் தட்டுனா அடி ஆவாது ராயப்பா. குழிக்குள்ள கேக்கணும்.”

இராயப்பனுக்கு டொக்டரையா சொன்னது காதில் ஓடியது. இன்னொரு பெரிய அடி. அதுக்கப்புறம் மடங்காது. பாயைப் பார்த்தான். பக்கத்துக் காம்பரா அழகம்மாவைக் கூப்பிட்டு, “சிசிலியக் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, இந்தா வந்துர்றேன்” என்றான். தபால் பையை அங்கேயே போட்டுவிட்டு செல்லசாமியோடு நடந்தான். நடக்கிற வழியெல்லாம் அது நிற்கவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் அடித்தது. பிணம் இல்லாத ஊர்வலமாக இரண்டு பேரும் மூன்றாம் வளைவைத் திரும்பினார்கள்.

மயானத்தில் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஆண்டியப்பனின் குழி மேட்டில் காட்டுச் சூரியகாந்தி முளைத்திருந்தது. செல்லசாமி அதைப் பிடுங்கிப் போட்டு இடம் பண்ணினான். இராயப்பன் முட்டி இரண்டும் மேலே பார்க்கக் கால்களை மடக்கி உட்கார்ந்தான். செல்லசாமி எதிரே குந்தி, இடுப்பிலிருந்து இரண்டு குச்சிகளையும் உருவினான். ஒன்று தடித்தது, ஒன்று சிம்பு மாதிரி மெல்லியது.

“கண்ண மூடிக்க. ஒங்க மாதாவக் கூப்புட்டுக்க. எனக்குக் கோவமில்ல.”

“அடிங்கண்ணே.”

முதலில் மெல்லிய குச்சி இடது முட்டியில் ஓடியது. பிறகு தடித்த குச்சி வலது முட்டியில் இறங்கியது. தோலும் எலும்பும் சேர்ந்த சத்தம் வரும் என்று இராயப்பன் நினைத்திருந்தான். அப்படி வரவில்லை. வட்டமான பெரிய தப்பின் சத்தம் வந்தது. பள்ளத்தில் போய் முட்டி, எதிர் மலையில் ஏறித் திரும்பியது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, “யாருடி செத்தது?” என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டார்களாம். மீனம்மா சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் அடி மாதிரியே இருந்தது என்பாள்.

இராயப்பன் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டேயிருந்தான். வலியில் பாதி மந்திரம் மறந்து, முதலிலிருந்து தொடங்கினான். உள்ளே ஏதோ நொறுங்குவது தெரிந்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை. அடி வேகமெடுத்து, வேகமெடுத்து, கடைசியில் செல்லசாமி குச்சியைத் தலைக்கு மேலே ஓங்கி ஒரே ஒரு அடி போட்டான். தோல் நடுவில் பிளந்துகொண்டது. அதோடு எல்லாம் நின்றது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்கவில்லை.

வாரை அறுத்துத் தோல் இரண்டையும் குழிமேட்டில் தோண்டிப் புதைத்தார்கள். இராயப்பனால் எழுந்திருக்க முடியவில்லை. செல்லசாமி அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றம் முழுக்கத் தூக்கி வந்தான். வழியில் மூச்சு வாங்க, “என்னாத்தத் திங்கிறே நீ? தபாலுப் பைக்குள்ள இருக்கிறதெல்லாம் தின்னுபுட்டியா?” என்று கேட்டான். அந்த வலியிலும் இராயப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாசலுக்கு வந்தபோது சிசிலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து, காய்ச்சல் விட்டிருந்தது.

“எங்க போனீங்க? பையி இங்கயே கெடக்கு. கண்டாக்கையா கத்தப்போறாரு” என்றாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

இராயப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். செல்லசாமி அவனை இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, இஸ்தோப்பில் தூணோரமாக உட்கார்ந்தான்.

“ஒரு வாய் தேத்தண்ணி ஊத்தச் சொல்லு ராயப்பா. குடிச்சிட்டுப் போறேன்.”

அழகம்மா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டாள். தோளைத் தொட்டதும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். கண் திறந்திருந்தது. முகத்தில் களைப்பு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

காலையில் தோல் அடிக்கத் தொடங்கியபோது தன் வாசலில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது இராயப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே கிடந்தவளை மட்டும்தான் அவன் பார்த்திருந்தான். இலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவனைப் பார்க்கவில்லை. செல்லசாமிக்குத் தெரிந்திருந்ததா என்று அன்றைக்கும் யோசித்தான், அதற்குப் பிறகும் யோசித்தான். முட்டியில் கை வைத்தபோது அவன் உடம்பு சிலிர்த்ததை நினைத்துப் பார்ப்பான். முதுகில் சுமந்துகொண்டு அவன் செய்த கேலியையும் நினைத்துப் பார்ப்பான். இரண்டையும் சேர்த்து வைத்து அவனால் ஒரு முடிவுக்கு வரமுடிந்ததில்லை.

செல்லசாமிக்கு அடிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம். பக்கத்துத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள். வழியில் மண் சரிந்து ரோடு மறித்துக்கிடந்தது. பேசாமல் தூக்கிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோது, பாயில் கிடந்த இராயப்பன், “நான் அடிக்கிறேன்” என்றான்.

“நீயா? வேதக்காரன் தப்ப எடுக்கிறதா?” என்றார் ஒருவர்.

“எனக்கு அடி தெரியும்.”

அவனை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கால் மரக்கட்டைபோல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. செல்லசாமியின் தப்பை மடியில் வைத்து, செல்லசாமியின் குச்சியால் அடித்தான். ஒரு நாளும் தப்பைத் தொடாத கை அது. ஓர் அடிகூடப் பிசகவில்லை. குழியை மூடும்போது தலைக்கு மேலே ஓங்கி அந்தக் கடைசி அடியையும் அடித்து நிறுத்தினான்.

கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. சைக்கிள் வேறொருவனுக்குப் போயிற்று. பெயரை வெட்டத்தான் பார்த்தார்கள். தோட்டத்துக்காரர்கள் பெரட்டுக் களத்தில் கூடி நின்று, செத்தவனுக்கு அடித்த மனுசனை அனுப்பவிடமாட்டோம் என்று சொன்னார்கள். கடைசியில் ஸ்டோரில் பெண்களோடு உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் முட்டிபோடும்போது அவன் மட்டும் கடைசி வாங்குப் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். காம்பரா தங்கியது. சிசிலியும் அவனும் கப்பலேறவில்லை. பிறகு கப்பலே நின்றுபோனது.

தோல் மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது எதிரே வந்து நின்றால், பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் வலது உள்ளங்கையை அந்த மடங்காத முட்டியின் மேல் வைப்பான். கொஞ்சம் காத்திருப்பான். பெரும்பாலும் கையை எடுத்துவிட்டுச் சிரித்துப் பேசுவான். சில வேளை எடுக்கமாட்டான். அப்போது வந்தவருடைய பிள்ளைகுட்டி, அக்கா தங்கச்சி, தாய் தகப்பன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிப்பான். தேத்தண்ணி குடிக்காமல் போகவிடமாட்டான். என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

சிசிலிக்குத் தலை நரைத்த காலத்தில், ஒரு பகல் பொழுது, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் கை முட்டிக்குப் போயிற்று. பிறகு இரண்டாவது கையும் போயிற்று. குதிக்கிற கோழியைப் பிடித்து அமுக்குவதுபோல இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான்.

“என்னாங்க, குளுருதா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றான். “கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காரு.”

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.